வேறு நாலு பேர்

“நாலு பேர் என்ன சொல்வார்கள்?”

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கேளாமல் வளர்ந்தவர் எவருமிலர். கூட்டத்தில் எழுந்து தன் கருத்தைக் கூற நாவெடுக்கும் இளைஞனை இக்கேள்வி அமரச் செய்கிறது. கணவனை இழந்த மகளுக்கு மறுமணம் செய்விக்க எண்ணும் தந்தையின் நெஞ்சில் பாறாங்கல்லாக ஏறி அமர்கிறது. கடன் வாங்காமல் எளிய முறையில் திருமணம் நடத்த விரும்பும் குடும்பத்தின் வாசலில் காவல் நிற்கிறது. இதற்குச் சட்டப் புத்தகம் கிடையாது, நீதிமன்றம் கிடையாது, சிறைக்கூடம் கிடையாது. எனினும், முடியுடை வேந்தர் மூவரும் பிறப்பித்த ஆணைகளிலே ஒன்றுகூட இதைப்போல் தலைமுறை தலைமுறையாக, ஏடின்றி, எழுத்தாணியின்றி, எதிர்ப்பின்றி நிறைவேற்றப்பட்டதில்லை.

யார் அந்த நாலு பேர்? ஊரிலே ஆயிரவர் இருக்க, நாலு என்று எண்ணிச் சொன்னது ஏன்? நம் மக்களிடம் மற்றொரு சொல்லும் உண்டு: “நாளைக்குத் தூக்கிப் போட நாலு பேர் வேண்டாமா?” பாடைக்கு முனைகள் நான்கு, தாங்கும் தோள்கள் நான்கு. இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போமானால், அச்சத்தின் வேர் நம் கண்ணுக்குப் புலனாகும். வாழும்போது நகைக்கும் நாலு பேரும், மாண்டபின் சுமக்க வேண்டிய நாலு பேரும் ஒருவரே! அவர்களைப் பகைத்தால் பிணத்துக்கும் கதியில்லை என்ற எண்ணமே, உயிரோடிருக்கும் மனிதனின் நாவைக் கட்டிப்போட்டது.

பிறர் தம்மை எடைபோடுகிறார்களே என்ற கூச்சத்தை வெறும் மனமயக்கம் என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நம் ஊர்களில் அது வயிற்றோடும் வாழ்வோடும் சாவோடும் பின்னிக் கிடந்தது. ஊரைப் பகைத்தவனுக்குப் பொதுக்கிணறு மூடப்படும். கடையில் உப்பும் புளியும் கிடைக்காது. துணி வெளுப்பவர் வரமாட்டார். முடி திருத்துபவர் வரமாட்டார். பிள்ளைக்குப் பெண் கிடைக்காது. இறுதியில் பாடைக்குத் தோள் கிடைக்காது. ஊர்விலக்கு என்ற அந்த வாளை உறையிலிருந்து உருவ வேண்டிய தேவைகூட எப்போதும் எழுவதில்லை. திண்ணையிலிருந்து கிளம்பும் ஒரு நகைப்பே போதும், மனிதன் மண்டியிடுவான்.

“அஞ்சாதே!” என்று அவனுக்கு அறிவுரை கூறியவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்தனர். அச்சம் அகன்றதா? இல்லை. பிறகு எப்போது அகன்றது? எப்படி அகன்றது? அந்த வரலாற்றை நாம் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

பனையும் நகைப்பும்

ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிப் பட்டுக்கும் இடையிலே, ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்டு நிற்கிறது செய்யாறு. செய்யார் என்று பேச்சு வழக்கில் சொல்லுவர். அன்று வட ஆர்க்காடு மாவட்டம். இன்று திருவண்ணாமலை மாவட்டம். திருவோத்தூர் என்பது அதன் பழைய பெயர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அங்கு வந்தபோது நடந்ததாகப் பெரியபுராணம் ஒரு கதை கூறுகிறது.

அடியார் ஒருவர் பனை நட்டு வளர்த்தார். வளர்ந்த பனைகள் யாவும் ஆண்பனையாயின. காய் இல்லை; கனி இல்லை. அதைக் கண்ட சமணர்கள், “இவற்றைக் காய்க்கச் செய்ய வழியுண்டோ?” என்று எள்ளி நகையாடினர். மனம் புண்பட்ட அடியார் சம்பந்தரிடம் சென்று முறையிட்டார். சம்பந்தர் பாடினார், ஆண்பனைகள் பெண்பனைகளாகிக் குலை தள்ளின என்பது கதை. அக்கோயிலின் தலமரம் இன்றும் பனையே.

மரம் மாறியதா இல்லையா என்பதைத் தாவரநூல் கற்ற மாணவரே கூறிவிடுவார். பனையில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. நட்டுப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கடந்து, பாளை விட்ட பிறகே எது எதுவெனத் தெரியும். நட்டவன் மீது குற்றம் ஏதுமில்லை. ஆண்பனையும் பயனற்றதன்று, பாளை சீவினால் பதநீர் தரும், ஓலை தரும், உத்தரத்துக்குக் கட்டை தரும்.

நம் கருத்தைக் கவர்வது அடியாரின் துயரமே. பனை காய்க்காததால் அவர் பட்டினி கிடந்ததாகக் கதை கூறவில்லை. அவரை வாட்டியது அண்டை அயலாரின் சிரிப்பு! சிரிப்பை அடக்க வேண்டும் என்பதற்காக இயற்கையையே மாற்றிவிடும் அற்புதம் ஒன்று தேவைப்பட்டது. நகைப்புக்கு அஞ்சும் உள்ளம் இப்படித்தான் எண்ணும்: “நான் இருக்கிறபடியே இருந்தால் போதாது, ஊர் வாயடைக்க ஏதேனும் நிகழ்ந்தாக வேண்டும்.” அந்த அற்புதம் நிகழாத கோடிக்கணக்கான எளியவர்கள் என் செய்வர்? தலைகுனிந்து நடப்பர், அவ்வளவுதான்.

மற்றொன்றையும் நோக்குக. அன்று சிரித்ததாகக் கூறப்படும் சமணர்களே பின்னாளில் சிறுபான்மையினராயினர். செய்யாற்றைச் சுற்றியுள்ள திருப்பனமூர், கரந்தை போன்ற சிற்றூர்களில் இன்றும் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். சிரிப்பு எப்போதும் பெரும்பான்மையின் பக்கமே நிற்கும். பெரும்பான்மை இடம் மாறினால் அதுவும் இடம் மாறும். உண்மையைப் பற்றி அது எதையும் மெய்ப்பிப்பதில்லை.

எதற்கு நாண வேண்டும்?

“நாணமே கூடாதென்கிறீரா? மானமற்றுத் திரியச் சொல்கிறீரா?” என்று பழமைவாதிகள் கேட்பர். இக்கேள்விக்கு வள்ளுவரே விடை வகுத்து வைத்திருக்கிறார். நாணுடைமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். அவை அஞ்சாமை என்று மற்றோர் அதிகாரமும் வைத்தார். நாணுடைமையின் தொடக்கத்திலேயே, தகாத செயலுக்கு வெட்குவதே நாணம் என்று பிரித்துக் காட்டிவிடுகிறார். களவுக்கு நாணுக, பொய்க்கு நாணுக, பிறன் உழைப்பை உறிஞ்சுவதற்கு நாணுக. ஆனால், அவையிலே எழுந்து அறிந்ததைக் கூற நாணுவானேன்? கற்றதை அவையில் சொல்ல அஞ்சுபவனின் கல்வியால் பயனென்ன என்று கேட்கிறது அவை அஞ்சாமை.

நம் சமுதாயம் இதனைத் தலைகீழாக்கியது. வட்டிமேல் வட்டி வாங்கியவன் நெஞ்சு நிமிர்த்தி நடந்தான். அவனிடம் கடன்பட்ட உழவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து நடந்தான். சேரியை ஊருக்கு வெளியே ஒதுக்கியவன் நாணவில்லை, ஒதுக்கப்பட்டவன் நாணினான். செயலுக்கு உரிய நாணத்தைப் பிறப்புக்கு உரியதாக்கினர். இது தானாக நேர்ந்ததன்று, ஆணையிட்டு ஆக்கப்பட்டது. சான்று வேண்டுமா? தெற்கே செல்வோம்.

அன்று திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த தென்கோடிப் பகுதி, 1956 நவம்பர் 1 முதல் நம் கன்னியாகுமரி மாவட்டம். அங்கு நாடார் பெண்களும் பிற ஒடுக்கப்பட்ட பெண்களும் மேல்சாதியார் எதிரே மார்பை மூடலாகாது என்பது வழக்கம். மூடுவதே குற்றம், மூடுவதே அடக்கமின்மை! தோள்சீலை அணிந்து சந்தைக்குச் சென்ற பெண்களின் ஆடைகள் கிழித்தெறியப்பட்டன. பள்ளிகளும் வழிபாட்டு இல்லங்களும் தீக்கிரையாயின. 1822 முதல் அலை அலையாக எழுந்தது அந்தப் போராட்டம். மேல்சாதிப் பெண்களைப்போல் மேலாடை அணியலாகாது என்று 1829-இல் அரசாணையே வந்தது. 1859 ஜூலை 26 அன்று வந்த அறிவிப்பு, நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்று இசைந்தது; அப்போதுங்கூட, மேல்சாதிப் பெண்கள் அணியும் முறையில் அணியலாகாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

எண்ணிப் பாருங்கள்! ஒரு வீட்டுப் பெண்ணுக்கு ஆடை மானம். அடுத்த தெருப் பெண்ணுக்கு அதே ஆடை திமிர். ஆகவே வெட்கம் என்பது உடலில் இல்லை, துணியிலும் இல்லை. யார் ஆள்கிறார், யார் அடங்குகிறார் என்பதிலேதான் இருக்கிறது. அந்தப் பெண்கள் ஒருவர் ஒருவராகச் சென்றிருந்தால் ஊர் விழுங்கியிருக்கும். பள்ளியிற் கற்றும் சபையிற் கூடியும் துணை பெற்ற பின்னரே அவர்களால் சந்தையின் நடுவே நிற்க முடிந்தது. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டு இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம்.

மணவறையில் ஒரு புரட்சி

ஊர் மெச்ச வேண்டும் என்ற ஏக்கம் ஏழையை எங்கே வீழ்த்துகிறது? பெரும்பாலும் திருமணப் பந்தலில்! ஆரணியிலும் அதன் சுற்றுப்புற ஊர்களிலும் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு, பாவுக்கும் ஊடைக்கும் இடையே தன் பார்வையைத் தேய்க்கும் நெசவாளியைப் பாருங்கள். ஊரார் வீட்டுத் திருமணங்களுக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு அவன் கையால் உருவாகிறது. தன் மகளின் திருமணம் என்று வரும்போது, “நாலு பேர் மதிக்கும்படி செய்ய வேண்டாமா?” என்ற கேள்விக்குப் பணிந்து முன்பணம் வாங்குகிறான், அந்த முன்பணத்துக்காகப் பல ஆண்டுகள் தறியோடு கட்டுண்டு கிடக்கிறான். நாலு பேர் விருந்துண்டு சென்றுவிடுவர். கடன் மட்டும் வீட்டோடு தங்கும்.

1925 மே 2 அன்று குடி அரசு ஏட்டைத் தொடங்கிய பெரியார், இந்த இடத்திலேதான் கை வைத்தார். 1928 மே 28 அன்று அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர். புரோகிதர் இல்லை, புரியாத மந்திரம் இல்லை, ஒருவரை ஒருவர் துணையாக ஏற்கிறோம் என்று மணமக்களே வாய்திறந்து கூறினர். மறு ஆண்டு பிப்ரவரி 17, 18 நாட்களில், செய்யாற்றுக்கு நேர் கிழக்கே உள்ள செங்கற்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. சாதிப் பட்டங்களை விட்டொழிக்கவும், பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வழங்கவும் தீர்மானங்கள் நிறைவேறின. அவ்வாண்டிலேயே குத்தூசி குருசாமியும் குஞ்சிதமும் சாதியைக் கடந்து மணந்தனர். 1930-இல் கைம்பெண்ணான சிவகாமியைத் தமிழறிஞர் சாமி சிதம்பரனார் மணந்தார்.

இவர்களை ஊர் வாழ்த்தியதோ? இல்லை, வசை பொழிந்தது. “இது திருமணமா? பிறக்கும் பிள்ளைக்கு என்ன பெயர்?” என்று கேட்டது. இங்கேதான் இயக்கம் ஒரு பேருண்மையைக் கண்டறிந்து செயற்படுத்தியது. ஊர் விலக்கிய மணமக்களைத் தனியே விட்டுவிட்டு, “துணிவோடு இரு” என்று அஞ்சலட்டை எழுதியதோடு அது நின்றுவிடவில்லை. தோழர்கள் வந்தனர். அடுத்த ஊரிலிருந்து வந்தனர். மிதிவண்டியில் வந்தனர், இருப்பூர்தியில் வந்தனர், கால்நடையாகவும் வந்தனர். ஒருவர் தலைமை தாங்கினார், மற்றொருவர் வாழ்த்துரைத்தார், திருமணமே பொதுக்கூட்டமாயிற்று. இத்தகைய மணங்களைப் பற்றிய செய்திகள் குடி அரசில் அச்சேறின. பழைய நாலு பேர் முகம் திருப்பிய இடத்தில் புதிய நாலு பேர் வந்து நின்றனர். பிறப்பின்போது பெயர் சூட்ட அவர்கள் இருந்தனர். இறப்பின்போது தோள் கொடுக்கவும் அவர்களே இருந்தனர். பாடைக்குத் தோள் கிடைக்குமா என்ற பழைய அச்சத்தின் ஆணிவேர் அன்றே அறுந்தது.

சட்டம் மெல்லத்தான் பின்தொடர்ந்தது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் இத்தகைய மணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. பல்லாண்டு வாழ்ந்த மனைவியர் ஒரு நாளில் மனைவியர் அல்லர் என்றாயினர். பிள்ளைகளின் வாரிசுரிமை ஐயத்துக்குள்ளாயிற்று. ஆயினும் இணையர்கள் அஞ்சிப் பின்வாங்கினரா? மணங்கள் தொடர்ந்தன. 1967-இல் அண்ணா தலைமையில் அமைந்த அரசு, இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அது உறுதி செய்தது. மாலை மாற்றினாலும் மோதிரம் அணிவித்தாலும் தாலி கட்டினாலும், மணமக்கள் தமக்குப் புரியும் மொழியில் உறுதி கூறினால் போதும். யார் முன்னிலையில்? உறவினர், நண்பர் அல்லது பிறர் என்கிறது சட்டம். உறவினர் வராவிட்டால் நண்பர். நண்பரும் இல்லாவிட்டால் பிறர்! நாற்பதாண்டுக் காலம் ஊர்தோறும் வந்து நின்றார்களே, அந்த வேறு நாலு பேர், அவர்களுக்குச் சட்டப் புத்தகத்திலே இடம் கிடைத்தது.

மூவலூர் மூதாட்டி

நாலு பேர் பார்வையின் கொடுமையை முழுமையாக நுகர்ந்தவர் யாரென்று கேட்டால், மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத்தான் நாம் சொல்வோம். 1883-இல் பிறந்த அவர், பொட்டுக்கட்டும் வழக்கமுடைய குடும்பத்திலே வளர்ந்தவர். ஊரார் கண்களுக்குக் காட்சிப்பொருளாவதே தொழில். அதே ஊராரின் வாய்க்கு வசைப்பொருளாவதே விதி என்று வகுக்கப்பட்ட வாழ்வு அது. இரவில் அந்த வீட்டின் கதவைத் தட்டியவர்களே பகலில் அந்தத் தெருவைப் பழித்தனர்.

அவர் அந்த வழக்கத்தை உதறித் தாம் விரும்பியவரை மணந்தார். பொட்டுக்கட்டும் கொடுமையை ஒழிக்க மேடை ஏறினார். முதலில் காங்கிரசில் உழைத்தார். 1923-இல் காக்கிநாடா மாநாட்டின்போது கொடிக்குத் தடை விதிக்கப்பட, கொடிகளையே புடவையாக உடுத்திச் சென்றார் என்பர். பின்னர் சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தார். ஏச்சு வந்தது, கல்லும் வந்தது. எதிரிகள் அவருடைய கூந்தலை அறுத்தெறிந்தனர் என்றும், அதன்பின் குட்டை முடியோடே அவர் மேடைதோறும் முழங்கினார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். வெட்கித் தலைமறைவார் என்று கருதி அவர்கள் கொடுத்த தண்டனையை, அவர் தம் கொடியாக ஆக்கிக்கொண்டார்! 1936-இல் “தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்” என்ற புதினத்தை எழுதி வெளியிட்டார். பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குத் தமிழர் படை நடந்தபோது, ஐம்பத்தைந்து அகவையை எட்டிய அம்மையாரும் உடன் நடந்தார். அவ்வாண்டு நவம்பர் 13 அன்று சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது; மறைமலை அடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமை தாங்கினார். மறுநாளே டாக்டர் தர்மாம்பாள், இராமாமிர்தம் அம்மையார் உள்ளிட்ட பெண்கள் மறியல் செய்து கைதாயினர். அந்தப் போராட்டத்தில் சிறை சென்ற பெண்கள் 73 பேர். அன்னையரோடு உள்ளே சென்ற குழந்தைகள் 32 பேர். “சிறைக்குப் போன பெண்ணை யார் மதிப்பார்?” என்று கேட்ட காலம் அது. கையில் குழந்தையோடு காவல் வண்டியில் ஏறிய பெண்ணுக்கு, பக்கத்தில் அதே வண்டியில் ஏறிய பெண்ணின் மதிப்பு போதுமானதாக இருந்தது.

மேடை என்ற ஏணி

“அவர்கள் பிறவி வீரர்கள், நாங்களோ எழுந்து நின்றாலே தொடை நடுங்குகிறது” என்று கூறும் இளைஞர்களுக்கு இரண்டொரு செய்திகள்.

பாரிஸ்டர் பட்டத்தோடு 1891-இல் இந்தியா திரும்பிய காந்தியார், பம்பாய்ச் சிறுவழக்கு நீதிமன்றத்தில் தம் முதல் வழக்கில் எழுந்து நின்றார், தலை சுற்றியது, ஒரு வினாவும் எழவில்லை, அமர்ந்துவிட்டார். வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பித் தந்தார். அறிஞர் பெர்னாட்ஷா இலண்டனில் ஒரு விவாதக் கழகத்தில் 1880-ஆம் ஆண்டையொட்டி முதன்முறை எழுந்தபோது நெஞ்சு படபடத்துத் திணறினார். அந்த அவமானத்தோடு வீடு திரும்பியவர், இனி எந்தக் கூட்டத்துக்குச் சென்றாலும் பேசாமல் வருவதில்லை என்று உறுதி பூண்டார். உலகம் கேட்கும் பேச்சாளரானார்.

காந்தியாருக்கும் ஷாவுக்கும் கிடைத்த கழகங்கள் நம் நெசவாளி மகனுக்கும் உழவன் மகனுக்கும் எங்கே கிடைத்தன? இங்கேதான் படிப்பகங்களின் வரலாறு தொடங்குகிறது. தெருமுனைக் கொட்டகையில் நாலு நாளேடு, ஒரு பெஞ்சு, ஒரு விளக்கு. எழுத்தறிந்தவர் படிப்பார், அறியாதவர் கேட்பார். தேநீர்க் கடையிலும் முடிதிருத்தகத்திலும் இதே காட்சி. அங்கே ஐயம் எழுப்பியவனை யாரும் சாதி கேட்கவில்லை. பத்துப் பேர் எதிரே ஏட்டை உரக்கப் படித்தவனுக்கு, நூறு பேர் எதிரே நிற்கும் பயிற்சி அவன் அறியாமலே வந்தது.

நம் கூட்ட நடைமுறையையும் பாருங்கள். ஒருவர் தலைமையை முன்மொழிவார், ஒருவர் வழிமொழிவார், ஒருவர் வரவேற்பார், ஒருவர் நன்றி நவில்வார். சடங்கு என்று இதனைச் சிலர் நகையாடுவதுண்டு. உண்மையில் இது கூச்சமுடையவனுக்காகக் கட்டப்பட்ட ஏணி! வழிமொழிய ஒரே ஒரு வரி போதும். இந்த மாதம் அந்த ஒரு வரியைக் கூறியவன், அடுத்த மாதம் நன்றி கூறப் பத்து வரி பேசுவான். ஆண்டு திரும்புமுன் அரைமணி நேரம் பேசுவான். நாத் தடுமாறினால் கைதட்டித் தேற்றுவோர் முன் வரிசையில் இருந்தனர். தடுமாறியதற்காக அவனை எவரும் ஊரைவிட்டு விலக்கவில்லை. காஞ்சியிலிருந்து 1942-இல் திராவிட நாடு வெளிவரத் தொடங்கியபின், அதன் நடையைப் படித்துப் படித்துத் தம் நடையை வகுத்துக்கொண்ட இளைஞர் எத்தனை பேர்!

செய்யாற்றுத் தொகுதியின் உறுப்பினராகச் சட்டமன்றம் சென்ற புலவர் கா. கோவிந்தன், சங்கப் புலவர்களைப் பற்றி நூல் வரிசையே எழுதியவர். சுயமரியாதைத் திருமணச் சட்டத்தை இயற்றிய பேரவையில் அவர் இருந்தார். 1969-இலும் மீண்டும் 1973-இலும் பேரவைத் தலைவரானார். நகைப்புக்கு அஞ்சிய அடியாரின் கதையைப் பாடிய ஊரிலிருந்து, நாட்டின் அவையையே நடத்தும் நாற்காலிக்கு ஒரு தமிழாசிரியர் சென்றார். இடையில் அற்புதம் எதுவும் நிகழவில்லை. பள்ளியும் படிப்பகமும் மேடையும் வாக்குரிமையும் நிகழ்ந்தன.

இன்றும் அந்தக் கண்கள்

வரலாறு முடிந்துவிட்டதென்று நாம் கூறமாட்டோம். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகச் சங்கர் என்ற பொறியியல் மாணவர் பட்டப்பகலில், பலர் பார்க்கத் தெருவிலே வெட்டிக் கொல்லப்பட்டார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி அரிவாளாக உருவெடுத்த நாள் அது. அந்தக் கேள்விக்குப் பணிபவர்கள் கோழைகள் என்று நாம் பழிக்க மாட்டோம். அதன் பின்னே எத்தகைய கொடுமை ஒளிந்திருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

2023 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு அந்த உண்மையை உணர்ந்து எழுதப்பட்டது. சுயமரியாதைத் திருமணத்தை ஊரறிய அறிவித்து நடத்த வேண்டும் என்ற கட்டாயமில்லை. குடும்பத்தின் எதிர்ப்புக்கும் தீங்குக்கும் ஆளாகக்கூடிய இணையரை அவ்வாறு வற்புறுத்துவது அவர்களின் உயிருக்கே ஊறு தேடலாம் என்று அது கூறியது. ஊரைக் கூட்டி மணப்பதும் உரிமை; உயிர் காக்க ஒரு சிலர் முன்னிலையில் மணப்பதும் உரிமை. எதைத் தேர்வது என்பதை மணமக்கள் முடிவு செய்யட்டும். திண்ணை முடிவு செய்ய வேண்டாம்.

உயிருக்கு ஊறில்லாத இடங்களிலும் நாம் ஒடுங்குகிறோமே, அதற்கு என் சொல்வது? வகுப்பில் ஐயம் கேட்க ஒடுக்கம். ஊராட்சிக் கூட்டத்தில் கணக்குக் கேட்க ஒடுக்கம். பிழையாகப் பேசிவிடுவோமோ என்று வாயே திறவாத ஒடுக்கம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக உளவியல் அறிஞர் தாமஸ் கிலோவிச்சும் அவர் தோழர்களும் 2000-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கண்டோர் நகைக்கும்படியான படம் பொறித்த சட்டையை மாணவர்களுக்கு அணிவித்து, மற்ற மாணவர் இருந்த அறைக்குள் அனுப்பினர். அறையிலிருந்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தம் சட்டையைக் கவனித்திருப்பர் என்று அணிந்தவர்கள் எண்ணினர். உண்மையில் கவனித்தவர் கால்பங்கினரே! நம்மைப் பார்ப்பதாக நாம் நினைக்கும் கண்களில் பாதிக்கு நம்மைப் பார்க்க நேரமில்லை. அவையும் தம்மை யார் பார்க்கிறார்கள் என்ற கவலையில் ஆழ்ந்திருக்கின்றன போலும்!

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் நாம் வேண்டுவது தனிமனித வீரத்தை அன்று. நெசவுத் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவதைப் பாருங்கள். ஊர் நடுவே, நெடுந்தெருவிலே, வருவோர் போவோர் பார்க்கச் செய்யும் வேலை அது. ஓர் இழையைத் தனியே இழுத்தால் அறுந்துவிடும். பல இழைகளைச் சேர்த்து, பலர் கைகொடுத்து நீட்டும்போது, அதுவே பட்டாகும் பாவாகிறது. அங்கே நிற்பவர் எவரும் கூச்சப்படுவதில்லை. கூடி உழைப்பவருக்கு அதற்கு ஓய்வில்லை.

உங்கள் ஊரில் சாதி மறுத்து மணக்கும் இணையர் இருப்பர்; அங்கே செல்லுங்கள். முதன்முறை மேடையேறி நாக்குழறும் மாணவி இருப்பாள். முன் வரிசையில் அமர்ந்து கைதட்டுங்கள். மறுமணம் செய்துகொண்ட பெண்ணின் வீட்டுப் பொங்கலுக்கு முதல் விருந்தினராகப் போங்கள். சடங்கின்றி நடக்கும் இறுதி ஊர்வலத்தில் தோள் தேவைப்பட்டால், கேட்குமுன் கொடுங்கள். உங்கள் சொந்த அச்சத்தைப் போக்கும் வழியும் அதுவேயாகும். பிறருக்குத் துணை நிற்பவனுக்குத் தன்னைப் பற்றிய கூச்சம் மெல்ல மறந்துபோகும்.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஊர் கேட்கட்டும். அந்த நாலு பேரில் ஒருவராக நீங்கள் இருந்து, “நன்று செய்தீர்” என்று சொல்லுங்கள்.